மெனு அட்டையில் அடைமொழி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் உணவக மெனு அட்டைகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். உணவின் பெயருக்கு முன்னால் கவர்ச்சியான அடைமொழிகளைச் சேர்த்தால் விற்பனை கூடும் என்ற அதன் அறிவுரையை, பல ஆண்டுகளாக மெனு அட்டைகளை வடிவமைத்து வருபவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்ட 27 சதவீத விற்பனை உயர்வு, உணவுப் பழக்க ஆய்வாளர் பிரையன் வான்சிங்க் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர் ஆய்வு முறைகேடு செய்தார் என்று அவர் பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகமே 2018-இல் அறிவித்ததையும், அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டதையும் சேர்த்தே வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

'நாவூறும்', 'அட்டகாசமான', 'ஸ்பெஷல்' என்று ஒரே பக்கத்தில் பத்து முறை வந்தால் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். 'சுவைமிகு மீன்' என்பதற்குப் பதிலாக, 'எலுமிச்சையும் மிளகும் தடவித் தணலில் சுட்ட முழு மீன், இருவருக்குப் போதும்' என்று எழுதினால், என்ன வரும், எவ்வளவு வரும் என்பது பரிமாறுபவரைக் கேட்காமலே விளங்கிவிடும். அந்த வரியைச் சமைப்பவரிடம் கேட்டு எழுத வேண்டும். முதலாளியும் நானும் உட்கார்ந்து எழுதினால் அடைமொழிதான் மிஞ்சும்.

விலைகளை வலப்புறம் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கி, பெயருக்கும் விலைக்கும் இடையே புள்ளிகளை இழுக்கும் வழக்கத்தையும் கைவிடலாம். வாடிக்கையாளர் உணவை விட்டுவிட்டு விலைப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, குறைந்ததைத் தேடத் தொடங்கிவிடுகிறார். மேல் வலது மூலையில்தான் கண் முதலில் விழும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். கண்ணசைவைப் பதிவு செய்து ஆய்வாளர் சிபில் யாங் 2012-இல் வெளியிட்ட ஆய்வோ, மெனுவையும் மக்கள் புத்தகம் போலத்தான் படிக்கிறார்கள் என்று காட்டியது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கரும்பழுப்புத் தாளில் பொன்னிற எழுத்தாக, 8 புள்ளி (பாயின்ட்) என்ற மிகச் சிறிய அளவில் நான் அமைத்த அட்டை ஒன்று கணினித் திரையில் மிக அழகாக இருந்தது. சில நாள் கழித்து அதே உணவகத்தின் மங்கலான வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் கைபேசி டார்ச்சை அடித்து, அட்டையைத் தள்ளியும் கிட்டவும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பக்கத்து மேசையைக் கைகாட்டி, "அவருக்கு வைத்ததையே கொடுங்கள்" என்றார். அன்று முதல், மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரிப் படியை, இரவு நேரத்தில் அந்தந்த உணவகத்து மேசையிலேயே வைத்துப் படித்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மெனு அட்டை வடிவமைக்கும் வாசகர் ஒருவர்