பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரிவிளம்பரங்களை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். கொஞ்ச காலமாக அதில் பழைய ஜெர்மன் கார்கள் அதிகம் வருகின்றன. புதிதாக 60 லட்சத்துக்கு விற்ற செடான், எட்டு பத்து வயதானதும் 13 லட்சம், 15 லட்சம். காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அதே பணத்துக்குப் புது வண்டி வாங்கக் கிளம்பிய பிள்ளைகள் இதைப் பார்த்ததும் மனசு மாறிவிடுகிறார்கள். என் அக்கா மகனும் மாறினான். அதனால்தான் இந்தக் கடிதம்.

சத்துவாச்சாரியில் 31 வருடம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தேன். கண் மங்க ஆரம்பித்ததும் மூடிவிட்டேன். அடிபட்ட வண்டியை அடிபடாத வண்டி மாதிரி ஆக்கித் தருவதுதான் தொழில். புரோக்கர்கள் கொண்டுவந்த வண்டிகளையும் செய்து கொடுத்திருக்கிறேன். அவற்றை அப்புறம் என்ன சொல்லி விற்றார்கள் என்று நான் கேட்டதில்லை, கேட்க விரும்பியதும் இல்லை. இப்போது சொல்வது ஓரளவுக்கு அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான்.

அக்கா மகன் முதலில் பார்த்த வண்டிக்கு என்னையும் கூட்டிப்போனான். பெங்களூரு ரோட்டில் பழைய கார் விற்கிற ஒரு யார்டு. 2016 மாடல், கறுப்பு, டீசல், சென்னைப் பதிவு. மீட்டரில் 58,000 கிலோமீட்டர். "டாக்டர் வண்டி சார், ஒரே ஓனர்" என்றார் யார்டுக்காரர். வேலூரில் பழைய கார் என்றாலே அது டாக்டர் வண்டிதான். இத்தனை கார்களையும் ஓட்ட வேண்டுமென்றால் நம் ஊர் டாக்டர்களுக்கு நோயாளியைப் பார்க்க நேரமே கிடைத்திருக்காது.

பெயின்ட் பளபளவென்று இருந்தது. லெதர் சீட்டில் வாசனை அடித்தது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, அதற்கு மேல் வராது என்கிற வரைக்கும் இழுத்தேன். கடைசி ஒன்றரை அடி செம்மண் நிறத்தில் இருந்தது, நடுவில் ஒரு நேர்கோடு. தண்ணீர் நின்ற அளவுக்குக் கோடு. உள்ளே ஏறி உட்காரும்போது பெல்ட் பாதிதான் வெளியே வரும், மீதி உருளைக்குள்ளேயே இருக்கும். கழுவுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பாதியைத்தான் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். அடுத்து சீட்டுக்கு அடியில் விரலை விட்டேன். சீட் நகர்கிற தண்டவாளத்தின் போல்ட்டில் துரு. டிக்கியில் தரை விரிப்பைத் தூக்கினால் மூலையில் காய்ந்த வண்டல்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று எல்லோரும் டிவியில் பார்த்தோம். அவை எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியதை நாமே பாலத்தில் நின்று பார்த்தோம், ஆகவே சென்னைப் பதிவை மட்டும் சந்தேகப்படவும் வேண்டாம். சாதாரண காரில் தண்ணீர் புகுந்தால் உலர்த்தி, வயரை மாற்றி ஓட்டிவிடலாம். இந்த வகைக் கார்களில் பலவற்றில் பேட்டரி டிக்கியில் இருக்கும். கம்ப்யூட்டர் பெட்டிகளைச் சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்கு அடியில் வைத்திருப்பார்கள். தண்ணீர் முதலில் தங்குகிற இடமே அதுதான். வண்டி ஒரு வருடம் ஒழுங்காக ஓடும், அப்புறம் ஒரு நாள் கண்ணாடி இறங்காது, மறுநாள் கியர் விழாது.

அந்த வண்டி வேண்டாம் என்று கூட்டிவந்துவிட்டேன். பையனுக்குக் கோபம். ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் எனக்குச் சொல்லாமலே ராணிப்பேட்டைப் பக்கம் வேறு ஒன்றை 13½ லட்சத்துக்கு முடித்துவிட்டு, மாலை போட்டுக் கோயிலுக்கெல்லாம் போய்வந்த பிறகுதான் போன் செய்தான். போனதும் பாடியைச் சுற்றிவந்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானே பாராட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாவது நாள் காலை ஆறு மணிக்கு, "மாமா, வண்டி ஒரு பக்கம் உக்காந்துடுச்சு" என்று அழைத்தான். போய்ப் பார்த்தால் பின்பக்க இடது சக்கரத்தின் மேல் ஒட்டகம் படுத்த மாதிரி படுத்திருக்கிறது.

ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுப் பை. ரப்பரில் வெடிப்பு விழுந்தால் இரவெல்லாம் காற்று கசியும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் மறுபடி நிரப்பித் தூக்கிவிடும். யார்டில் நீங்கள் போவதற்கு அரை மணி முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்கள், நான்கு பக்கமும் நிமிர்ந்து நிற்கும். இப்படிப் பல நாள் ஓடி ஓடிக் கடைசியில் கம்ப்ரஸரும் போய்விடுகிறது. பைகளும் கம்ப்ரஸரும் சேர்த்து இவனுக்குக் கொடுத்த எஸ்டிமேட் 4 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வண்டி இப்போது சென்னையில் சாமானுக்காகக் காத்திருக்கிறது. அவன் கடைக்குப் போவது என் டிவிஎஸ் 50-இல்.

ஆகவே முன்கூட்டிச் சொல்லாமல் விடியற்காலையில் போங்கள். நான்கு சக்கரத்துக்கும் மேலே உள்ள இடைவெளியைக் கைவிரலால் அளந்து பாருங்கள். பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய இன்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அந்த முதல் சில நொடிகளில்தான் கடகடவென்று சத்தம் வரும்.

பாடி விஷயத்துக்கு வருகிறேன், அது எனக்குச் சொந்த ஊர் மாதிரி. யாரோ சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் காந்தம் கொண்டுபோகிறார்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது என்று. நல்ல யோசனைதான், இரும்புப் பாடிக்கு. இந்த விலை உயர்ந்த கார்களில் பலவற்றுக்குப் பானட், ஃபெண்டர், சிலவற்றுக்குக் கதவுகூட அலுமினியம். புது வண்டியிலேயே காந்தம் ஒட்டாது. காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வாசல் ஓரத்து ரப்பர் பட்டையை, பீடிங் என்பார்கள், கொஞ்சம் இழுங்கள். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் பொட்டு வைத்த மாதிரி வட்டமாக, ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். அடிபட்டு மாற்றிய பில்லரில், அதாவது கதவுக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூணில், அந்த வரிசை இருக்காது. நாங்கள் மேலே மணிக்கணக்கில் பாலீஷ் போடுவோம், பீடிங்குக்குள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அப்படியே மூடிவிடுவோம். பானட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா, எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரை, கிட்டத்தட்ட ஒரே வருடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். பை வெடித்த வண்டியில் புதுப் பை போடாமல், டாஷ்போர்டை ஒட்டி, விளக்கையும் பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. என் பட்டறையில் எவ்வளவோ செய்திருக்கிறேன், அதை மட்டும் செய்ததில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஹைவேயில் 120-இல் பறந்து காட்டுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. மாலை ஆறு மணிக்கு கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்துபோங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது முதுகில் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு பில் எங்கே என்று கேளுங்கள். "இதுக்கு லைஃப்டைம் ஆயில் சார்" என்பார்கள். யாருடைய லைஃப் என்று தெரியவில்லை. ஏ.சி.யைக் கத்திரி வெயிலில், பகல் இரண்டு மணிக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வேலூருக்குப் பொருத்தம்.

அப்படியே ஒரு வாட்டர் சர்வீஸில் லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்த்துவிடுங்கள். நம் ஊர் வேகத்தடைகள் தாழ்வான செடானின் அடிவயிற்றைச் சும்மா விட்டிருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும்: 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம் தயாரித்தது. பஞ்சரானாலும் ஓடுகிற ரன் ஃப்ளாட் டயர் என்றால் டிக்கியில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது, டயர் விலையும் அதிகம்.

பேப்பரில் ஆர்.சி., கடன், அபராதம் எல்லாம் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று இருக்கிறதா, இங்கே எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று விலை பேசுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். யாரும் பார்க்காதது இன்சூரன்ஸ் பேப்பரில் நோ கிளைம் போனஸ் என்ற கட்டம். ஐந்து வருடம் கிளைம் வாங்காதவருக்கு அது சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரே ஓனர், ஒரு கீறல்கூட இல்லை என்று விற்கிற வண்டியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கோரிக்கை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகனம் வாங்கி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அனுமதிச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. விற்பதற்காக ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு அந்த டீலரே பொறுப்பு. நானும் பையனும் ஏறி இறங்கிய ஏழு யார்டுகளில் ஒன்றிலும் அந்தச் சான்று சுவரில் இல்லை. கேட்ட இரண்டு இடத்தில் சிரித்தார்கள். வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒரு நாள் இந்த யார்டுகளுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நீங்களும் கார் விளம்பரம் கொடுக்க வரும் டீலர்களிடம் அந்தச் சான்றின் எண்ணைக் கேட்டு வாங்கி, விளம்பரத்தோடு சேர்த்துப் போடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிங்கர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.