தூக்கத்தில் பல் கடிக்கும் பிள்ளைகள்: பெற்றோரின் கவனத்திற்கு

அன்புடையீர், வணக்கம்.

கடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தாய்மார்கள் சிலர், தங்கள் பிள்ளைகள் இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதாகவும், பூச்சி மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை என்றும் கூறினர். ஆசிரியர்களிடம் விசாரித்தபோது, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, சத்துணவில் தரும் அவித்த முட்டையைக்கூட ஒரு பக்கமாகவே மென்று தின்கிறாள் என்று தெரியவந்தது. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வயிற்றில் பூச்சி இருப்பதால்தான் பிள்ளை பல் கடிக்கிறது என்று நம் பக்கத்தில் பலரும் நம்புகின்றனர். இதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் வழங்கப்படும் 400 மி.கி. அல்பெண்டசோல் மாத்திரை இரத்தசோகையையும் சத்துக்குறைவையும் தடுக்க உதவுவதால், அதைத் தவறாமல் சாப்பிடச் செய்யுங்கள். ஆனால், பல் கடிப்பதற்கென்று கடையில் திரும்பத் திரும்ப மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

உறக்கம் சில நொடிகள் லேசாகக் கலையும்போது தாடைத் தசைகள் தாமாக இறுகுவதால் நேர்வது இது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கி உறங்கும் பிள்ளைகளுக்கு அடினாய்டு (மூக்கின் பின்புறமுள்ள சதை) அல்லது டான்சில் (தொண்டைச் சதை) வீங்கியிருக்கக்கூடும் என்பதால், அவர்களைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது மிக அவசியம். சில மருந்துகளாலும் பல் கடிப்பது வரலாம். மன அழுத்தமும் ஒரு முக்கியக் காரணம்: அரையாண்டுத் தேர்வு நெருங்கும் அதே நாட்களில்தான், சம்பா மழையில் மூழ்கிவிடுமோ, வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்ற பேச்சும் வீடுகளில் நடக்கிறது, திண்ணையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்து முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானே குறைந்துவிடுகிறது. பலருக்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. மாலைக்குப் பின் காபி, தேநீர் கொடுக்காதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்க வையுங்கள். தாடை வலித்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். உறக்கத்தில் தன்னையறியாமல் செய்வதற்காகப் பிள்ளையை உலுக்கி எழுப்புவதும், மறுநாள் உறவினர் முன்னிலையில் கேலி செய்வதும் கூடவே கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

காலையில் தலைவலி, வாயைத் திறக்கும்போது காதோரம் வலி, குளிர்ந்த நீர் பட்டால் பல் கூச்சம், கோரைப்பல்லின் கூர் மழுங்கித் தட்டையாகியிருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்ந்த எனாமல் (பல்லின் கடினமான மேற்பூச்சு) மீண்டும் வளராது. பல் தேயாமலிருக்க இரவில் அணியும் பல் உறையைத் தாடை வளரும் பருவத்தில் மருத்துவர் அளவெடுத்துப் பொருத்தினால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கடையில் நேரடியாக வாங்கி மாட்டிவிடக் கூடாது.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உள்ளது. அழைத்துச் செல்லும் நாளில் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால் அனுமதி வழங்கப்படும்; விடுபட்ட பாடங்களை மறுநாள் மாலையில் நடத்தவும் ஏற்பாடு செய்துள்ளேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்