குட்டிகளுக்குப் பழச்சக்கை: மகனுக்கு

தேவிபட்டினம்

அன்பு மகனுக்கு,

இங்கு யாவரும் நலம். லாரியில் நீ போட்டுவிட்ட சாத்துக்குடிச் சக்கை மூட்டை வந்து சேர்ந்தது. உங்கள் ஜூஸ் ஆலையில் மலிவாகக் கிடைக்கும் இச்சரக்கை நம் கிடாய்க் குட்டிகளுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம், ஆனால் எதற்குப் பதிலாகப் போடுகிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

உலர்ந்த சக்கையில் மாவுச்சத்து குறைவு, பெக்டின் என்னும் கரையும் நார்ச்சத்து மிகுதி. ஆட்டின் வயிற்றில் அது விரைவாகச் செரித்தாலும், தானிய மாவைப்போல் லாக்டிக் அமிலத்தைப் பெருக்குவதில்லை என்பதால், மக்காச்சோளத்தில் ஒரு பகுதியைக் குறைத்து இதைச் சேர்த்தால் குட்டிக்குத் தெம்பும் கிடைக்கும், வயிறும் கெடாது. கடலைப் பிண்ணாக்கின் இடத்தில் மட்டும் இதை வைக்கக் கூடாது. பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40க்கு மேல், சக்கையிலோ 6 அல்லது 7தான். வளரும் வயதில் புரதம் குறைந்தால் வயிறு பெருக்குமே தவிர சதை பிடிக்காது. ஈரம் போகச் சக்கையைப் பிழியும்போது சுண்ணாம்பு சேர்ப்பதால் கால்சியம் கூடியும் பாஸ்பரஸ் குறைந்தும் இருக்கும். அதைத் தவிடு ஈடுகட்டும். தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனத்தில் கால் பங்குக்கு மேல் நான் போகமாட்டேன்.

முதல் நாள் குட்டிகள் தொட்டியை முகர்ந்து, பிண்ணாக்குத் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுக் கசக்கும் சக்கையை அப்படியே விட்டுவிட்டன. கருப்பட்டி கரைத்த நீரைத் தெளித்து, சீமைக்கருவேல நெற்றோடு கலந்து ஒரு கைப்பிடியாகக் கொடுத்துப் பழக்கி வருகிறேன். உன் அம்மா கோழிகளுக்கும் அள்ளப் போனாள். விதையிலுள்ள லிமோனின் என்னும் கசப்புப் பொருள் கோழிக்கும் பன்றிக்கும் ஆகாது என்று தடுத்தேன். கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன் பேச்சு வீட்டில் அன்றுதான் எடுபட்டது.

நம் கடற்கரையில் பெரிய தொல்லை ஈரம். இச்சக்கை உப்பைப்போல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபிடிக்கும். பூஞ்சை கண்டால் குட்டிக்குக் கொடுக்கவே கூடாது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அனுப்பாதே. தை பிறந்த பின், பிளாஸ்டிக் உள்ளுறை போட்ட சாக்கில் அனுப்பு, இங்கே பலகை மேல் அடுக்கிக்கொள்கிறேன். ஈரச் சக்கைக்கு வாடகை கொடுத்தால் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரைத்தான் ஏற்றி வருவோம்.

ஆலையில் சேர்க்கும் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்றும் விசாரி. 1998இல் பிரேசில் சக்கையில் டையாக்சின் நச்சு கலந்திருந்ததற்குக் காரணம் பழமன்று, அதில் சேர்த்த சுண்ணாம்பே. அதன்பின் இராமநாதபுரம் வந்து இறங்கும் விலையை எழுது. மக்காச்சோள விலையைவிட நன்கு குறைந்திருந்தால் மட்டும் ஒரு லோடு சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா