நமது ஹாம் ரேடியோ சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வழக்கம்போல் நம் ஆட்கள் வயர்லெஸ் செட்டோடு கரையில் நின்றார்கள். உரிமத் தேர்வுக்கான ஞாயிறு வகுப்பு நடந்தது. ஆன்டெனா பயிற்சி மழையால் தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது.

இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது, நிலத்தடிச் சுரங்கத்தில் சிக்கியவர்களோடு பேசும் கருவிக்கான சோதனை. “மதுரையில் ஏது சுரங்கம்? கோயிலிலிருந்து மகாலுக்குப் போகிறது என்பார்களே, அதற்கா?” என்று செயற்குழுவிலேயே சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் சாகோ நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது, உள்ளே மாட்டியவர்கள், கூரைப் பாறை சரியாமலிருக்க அடித்திருந்த ஆணியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். மேலே யாருக்கும் கேட்கவில்லை. 12 பேர் இறந்தார்கள். சுரங்கங்களில் கம்பியில்லா இருவழித் தொடர்பு வேண்டும், அதற்கு மூன்று ஆண்டு கெடு என்று அங்கே சட்டம் வந்தது அதன் பிறகுதான்.

நம் கையிலிருக்கும் 145 மெகாஹெர்ட்ஸ் செட்டின் அலை பாறையைத் தாண்டாது. அதனால் சுரங்கங்களில், ரேடியோ அலையை வழிநெடுகக் கசியவிடும் கேபிளை உள்ளே முழுக்க இழுத்துப் பேசுகிறார்கள்; கூரை சரிந்து கேபிள் அறுந்தால் அதற்கு அப்பால் பேச்சில்லை. அதிர்வெண்ணைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் காந்தப்புலம் மண்ணையும் பாறையையும் ஊடுருவும். என்ன, வேகம் மிகக் குறைவு, சிறு செய்திதான் போகும்.

உசிலம்பட்டிப் பக்கம் உறுப்பினர் ஒருவரின் வறண்ட கிணற்றில், அடியில் பக்கவாட்டாகக் குடைந்த பொந்து இருக்கிறது. அதற்குள் நுழைந்ததுமே வாக்கி டாக்கி வெறும் இரைச்சல். மேலே வேப்பமரத்தடியில் மோட்டார் வைண்டிங் கம்பியை வட்டமாகச் சுற்றி, பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயர் வழியாக 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தோம். பொந்துக்குள் இன்னொரு சுருளும் ஹெட்போனும். பக்கத்துத் தோட்டத்து பம்புசெட் ஓடியவரை உறுமல்தான். அதை நிறுத்தச் சொன்னதும், புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறியீடு துல்லியமாகக் கேட்டது. இதை அப்படியே சுரங்கத்துக்குள் கொண்டுபோக முடியாது. நிலக்கரிச் சுரங்கத்தில் சேரும் மீத்தேன் வாயு வெடிக்க, கருவியிலிருந்து ஒரு தீப்பொறி போதும்.

வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று பார்த்துக் காதுகுத்து.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கிப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்; வாசிக்கவில்லை. கிணறு தந்தவருக்கும் மோட்டாரை நிறுத்திய தோட்டக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பெரிய சுருள் சுற்ற ஆசை. செம்புக் கம்பி விற்கிற விலை உங்களுக்கே தெரியும். இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றாலும் மகிழ்ச்சியே. ஆனால் விதிப்படி பாக்கி இல்லாதவர்தான் போட்டியிடலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருக்கிறார்.

செயலாளர்