மாஸ்டரின் நோட்டில் உன் பக்கம்

பெருமாள்மலை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

புதன்கிழமை ராத்திரி நீ அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சென்னையில் புதிதாகச் சேர்ந்த கராத்தே பள்ளியில் உன் சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு, இது இங்கே செல்லாது, வெள்ளை பெல்ட்டிலிருந்து ஆரம்பி என்று சொல்லிவிட்டார்கள். ஏழரை வருடம் உழைத்து வாங்கிய கறுப்பு பெல்ட். வலிக்காமல் இருக்குமா? ஆனால் அப்புறம் ஒன்று சொன்னாயே, "மாஸ்டர் நம்மள ஏமாத்திட்டார்மா" என்று, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இங்கே உனக்குச் சொல்லிக்கொடுத்த நம்ம மாஸ்டர் ஏமாற்றவில்லை, கண்ணு. உன்னிடம் மறைத்தது நான்.

நீ மஞ்சள் பெல்ட் வாங்கிய அன்று பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, பெற்றோரை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். "இது நம்ம கிளாஸ் கொடுக்கிற பேப்பர். பெரிய சங்கத்தில் பதிந்து பரீட்சை கொடுத்தால்தான் வெளியே எடுத்துக்கொள்வார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அதற்கு மலையிலிருந்து கீழே போய்வர வேண்டும், செலவு இருக்கிறது. முடிந்தவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றார். இரண்டு பேர் சரி என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா இடுப்பு பிடித்து லாரி ஓட்ட முடியாமல் கிடந்த வருடம் அது. அங்கன்வாடிச் சம்பளத்தில் அரிசியும் மருந்தும் போக என்ன மிஞ்சும்? அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நினைத்தேன். பிரவுன் பெல்ட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டார். இருக்கட்டும் மாஸ்டர் என்றேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த பெல்ட்டை நீ தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவாய், உன்னிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்?

கோபப்பட வேண்டுமென்றால் என் மேல் படு.

உனக்கு எட்டு வயதில், 2011 ஜூனில் சேர்த்தேன். அன்றிலிருந்து அந்தச் சமுதாயக் கூடத்தின் பின்பெஞ்சில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். நீ முன்னால் பார்த்து நின்றாய், நான் எல்லாரையும் பார்த்தேன். பகலெல்லாம் வயரிங் வேலை செய்துவிட்டு, கையில் சிமெண்ட் தூசியோடு அவர் அஞ்சரை மணிக்கு வருவார். முகூர்த்த நாளுக்கு மறுநாள் என்றால் தரையெல்லாம் சோறும் பூவும் மிதிபட்டுக் கிடக்கும். பிள்ளைகள் வருவதற்குள் முதல் வாளித் தண்ணீரை அவரே ஊற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நீங்கள் வந்து துணியைப் பிடுங்குவீர்கள். ஜனவரி உறைபனியில் அந்த சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது, அவரும் கடைசி நிமிடம் வரை வெறுங்காலோடுதான் நின்றார். உங்களுக்குக் காலில் வெடிப்பு வந்தால் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார். அவர் குதிகால் எப்படி வெடித்திருந்தது என்று எனக்குத்தான் தெரியும், செருப்பு போடும்போது முகம் சுளிப்பார்.

கிளாஸ் முடிந்ததும் மண்டி போட்டு உட்கார்ந்து ஐந்து உறுதிமொழி சொல்வீர்களே, ஒவ்வொன்றும் "ஹிடோட்சு" என்று ஆரம்பிக்குமே. ஒருநாள் நீ கையைத் தூக்கி, ஏன் மாஸ்டர் எல்லாமே 'ஒன்று, ஒன்று' என்று வருகிறது, இரண்டு மூன்று ஏன் இல்லை என்று கேட்டாய். அவர் சிரித்துவிட்டு, "இதில் எதுவும் இரண்டாவது இல்லை, அதனால்தான்" என்றார். ஒழுக்கம், உண்மை, முயற்சி, மரியாதை, முரட்டுத்தனத்தை அடக்குவது, ஐந்துமே ஒன்றாவதுதான். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு முன்னால் மரியாதை என்றால் வரிசையில் பின்னால் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வார்த்தை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2018 ஞாபகம் இருக்கிறதா? குறிஞ்சி பூத்த வருடம். மலையெல்லாம் ஊதா. டூரிஸ்ட் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் மூஞ்சிக்கல்லில் மணிக்கணக்கில் நின்றோம். நவம்பரில் கஜா புயல் வந்து மரங்கள் விழுந்து, கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கட்டா, அந்த அடியும் தடுப்புமான வரிசை அசைவுகளை, செய்தீர்கள். சுவரில் உங்கள் நிழல்கள் எல்லாம் ராட்சசர் மாதிரி ஆடின. அந்த டிசம்பரில்தான் உனக்குக் கறுப்பு பெல்ட். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் உங்கள் எல்லாரையும் மோயர் பாயிண்ட் போகிற வழியில் இருக்கிற பைன் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வந்தேன். டூரிஸ்ட் போட்டோ எடுக்கிற இடத்தைத் தாண்டி உள்ளே போய், எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். காற்று வந்தது. மேலே அந்த ஊசி இலைகள் எல்லாம் சேர்ந்து கடல் மாதிரி இரைந்தன. "கேட்டதா? இதுதான் நம்ம பாணியின் பெயர்" என்றார்.

ஷோடோகான். ஷோடோ என்றால் பைன் மரங்களின் அலை, கான் என்றால் கூடம். இந்தப் பாணியைத் தொடங்கிய கிச்சின் புனாகோஷி கவிதை எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர் ஷோடோ. ஜப்பானின் ஒகினாவா தீவில் ஷுரி நகரத்துக்குப் பக்கத்து மலையில், பைன் மரங்களுக்கு நடுவே தனியாக நடந்தபோது கேட்ட சத்தத்தை அவர் பெயராக வைத்துக்கொண்டார். 1868-ல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். பகலில் பாடம் நடத்திவிட்டு, ராத்திரி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து தன் குரு அசாட்டோவின் வீட்டுக்குப் போவாராம். மூன்று கட்டாவை மட்டும் பத்து வருடம் படித்தார். மாஸ்டர் இதைச் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வருகிற இந்த மனிதர்தான் தோன்றினார்.

புனாகோஷி 1922-ல் தோக்கியோவுக்குப் போய் கராத்தேயைக் காட்டினார், அப்புறம் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மாணவர்கள் சேர்ந்து கட்டிய ஷோடோகான் கூடம் 1945-ல் குண்டுவீச்சில் எரிந்து போனது. ஒரு சர்டிஃபிகேட் செல்லாமல் போனதற்கே நாம் இப்படி உட்கார்ந்து அழுகிறோம். அவருக்குக் கூடமே போயிற்று, அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதற்கப்புறமும் சொல்லிக்கொடுத்தார். நீ சமாதானமாகிவிடு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காட்டில் நான் கேட்டதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று நான் மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். நாயுடுபுரத்தில் ஒரு வீட்டில் ஸ்விட்ச் போர்டு மாட்டிக்கொண்டிருந்தார். நீ சொன்னதில் பாதியைச் சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை, வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் வயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "வெள்ளை பெல்ட்டா? சரி, பின்வரிசையில் நிற்கட்டும். அங்கிருந்து எல்லாருடைய காலையும் பார்க்கலாம்" என்றார். "எந்தப் பாணி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பெயர் மாறியிருக்கும். நம்ம ஹெய்யான் கட்டாக்களை சில இடத்தில் பினான் என்பார்கள். அங்கே முதலாவது நமக்கு இரண்டாவது, நமக்கு முதலாவது அங்கே இரண்டாவது. புனாகோஷி வரிசையை மாற்றி வைத்தார். அங்கே இருக்கிறவர்களை இவள் திருத்தக் கூடாது. அங்கே இருக்கிற வாத்தியார், அந்த சென்செய், எப்படிச் சொல்கிறாரோ அப்படியே செய்யச் சொல்லுங்கள்" என்றார். கிளம்பும்போது கேட்டது ஒரே கேள்வி: "வலது கால் எப்படி இருக்கு?"

அப்புறம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். எனக்கே இது இவ்வளவு நாள் தெரியாது. உன் பக்கத்திலிருந்து சிலதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்:

"2011 ஜூலை. புதுப் பொண்ணு. கியாய் சத்தம் போடச் சொன்னால் அழுகிறது. கட்டாயப்படுத்த வேண்டாம், தானாக வரும்."

"2013 பிப்ரவரி. வலது பாதம் உள்ளே திரும்புகிறது. இப்படியே விட்டால் முழங்கால் கெடும். தினம் பார்க்கணும்."

"2016. சின்னப் பிள்ளைகளிடம் வெடுக்கென்று பேசுகிறாள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை இவளுக்கே கொடுக்கணும்."

"2018 டிசம்பர். என்னிடம் இருந்தது கொடுத்தாச்சு. கீழே பெரிய இடத்துக்கு அனுப்பணும். அவங்க அம்மாவிடம் மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கு."

இதைப் படித்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி காபி கொண்டு வந்து கொடுத்தார். குடித்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

சென்செய் என்றால் முன்னால் பிறந்தவர் என்று அர்த்தம் என்று அவர்தான் ஒருமுறை சொன்னார். இப்போது உனக்கு இரண்டு பேர். புதிய பள்ளியில் சொல்வதைக் கேள், அவர்கள் சட்டம் அவர்களுக்கு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொள். ஆனால் யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் மாஸ்டர் பெயரைத் தயங்காமல் சொல். 2021-ல் ஒலிம்பிக்கில் கராத்தே வந்தபோது நாம் இரண்டு பேரும் என் போனில் பார்த்தோமே, கட்டாவில் தங்கம் வாங்கிய ஒகினாவாக்காரர் ரியோ கியூனா, மேடையில் தன் அம்மாவின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பாணி வேறு, ஊர் புனாகோஷியின் ஊர். அன்று மாஸ்டர் போன் செய்து உன்னிடம் அரை மணி நேரம் பேசினார். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? அவருக்கு மலைப்பூண்டு நான் எடுத்து வைத்திருக்கிறேன். காலில் விழப் போகாதே, அவருக்குப் பிடிக்காது, எப்போதும் தடுத்துவிடுவார். கூடத்தில் செய்கிற மாதிரி நின்று குனிந்து வணங்கு. போன வாரம் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அவரிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியாது. என்னிடம் வேண்டுமானால் சண்டை போடு.

பச்சை ஸ்வெட்டரை முடித்துவிட்டேன், கை மட்டும் நீளமா என்று தெரியவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் மாஸ்டருக்குப் போன் பண்ணு. ஏழு மணிக்கு மேல் கூடத்தைப் பூட்டிவிட்டு வெளியே நிற்பார். நம்பர் மாறவில்லை.

அன்புடன்
அம்மா