நிறுவன இணைப்பும் ஊழியர்களின் கோப்புகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும் செய்திகளைத் தங்கள் வணிகப் பக்கத்தில் தொடர்ந்து படித்து வருகிறேன். பங்கு மாற்று விகிதம், கிளைகளின் எண்ணிக்கை, புதிய பெயர், ஊழியர்களின் பணித்தொடர்ச்சி என எல்லாமே அச்செய்திகளில் இடம்பெறுகின்றன. ஆனால், அந்த ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தயாரித்து, அலுவலகக் கணக்கின் மேகச் சேமிப்பில், அதாவது இணையம்வழி அணுகும் சர்வர்களில், வைத்திருக்கும் கோப்புகள் இணைப்புக்குப் பிறகு என்னவாகின்றன என்பது குறித்து ஒரு வரியும் என் கண்ணில் பட்டதில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கணக்குக்குக் கோப்புகளை மாற்றும் பணியில் நீண்ட காலமாக ஈடுபட்டிருப்பவன் நான். இப்பணியில் நேரும் இழப்புகளில் பெரும்பகுதி, கோப்புக்குரிய ஊழியரைக் கலந்துகொள்ளாமலேயே பழைய கணக்கை மூடிவிடும் அவசரத்தால் நேர்கிறது என்பதே என் அனுபவம். அதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழக வாசகர்களுக்கு நிறுவன இணைப்பு புதிய செய்தியன்று. பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1 அன்று ஒன்றாகி, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி உருவானது. அடுத்த ஆண்டு அதே நாளில் அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் இணைந்தது. கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் சேர்க்கப்பட்டது. 2025 மே 1 அன்று நாடெங்கும் இருந்த 43 வட்டார ஊரக வங்கிகள் 28 ஆகக் குறைந்தன. இவை பெயர் தெரிந்த இணைப்புகள். நாளிதழ்களின் பார்வைக்கே வராமல், நூறு இருநூறு பேர் பணிபுரியும் நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களால் வாங்கப்படுவது ஆண்டு முழுவதும் நடக்கிறது. கோப்புகளுக்கு அதிகச் சேதம் விளைவதும் அத்தகைய இடங்களில்தான்.

வாடிக்கையாளர் தரவு என்றால் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியபோது, இலட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தனர்; அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. ஊழியரின் கோப்பு தொலைந்தால் கேட்பதற்கு அப்படி ஓர் அமைப்பும் இல்லை. ஊழியருக்கே பல மாதங்கள் கழித்து, தணிக்கை வரும்போதுதான் அது தொலைந்ததே தெரியவருகிறது.

இதைக் கோப்புகளை ஓரிடத்திலிருந்து நகலெடுத்து மற்றோர் இடத்தில் வைக்கும் எளிய வேலை என்றே நிர்வாகத்தினர் பலரும் கருதுகின்றனர். மைக்ரோசாஃப்ட் 365 சேவையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு நிறுவனமும் ‘டெனன்ட்’ எனப்படும் தனி எல்லைக்குள் இருக்கிறது. அச்சேவையில் ஊழியருக்குத் தரப்படும் மேகச் சேமிப்பான ஒன்டிரைவை ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்கு நகர்த்த வேண்டுமானால், முதலில் இரு நிறுவனங்களின் நிர்வாகிகளும் பரஸ்பர நம்பிக்கை உறவை அமைத்துத் தரவேண்டும். பிறகு பழைய முகவரி எது, அதற்குரிய புதிய முகவரி எது என்ற பொருத்தப் பட்டியலைத் தயாரித்து ஏற்ற வேண்டும். புதிய எல்லையில் ஊழியரின் கணக்கு முன்கூட்டியே இருக்கவேண்டும். ஆனால் அவருக்கு அங்கே ஒன்டிரைவ் திறக்கப்பட்டிருக்கக் கூடாது. ஆர்வத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால்கூட மாற்றம் தோல்வியில் முடியும். ஒருவருடைய சேமிப்பு 5 டெரா பைட்டையோ 10 இலட்சம் கோப்புகளையோ தாண்டினால் இவ்வழியில் அதை நகர்த்த இயலாது. வழக்கு காரணமாக நீக்கத் தடை போடப்பட்ட கணக்குகளும் நகராது. இவையெல்லாம் சரியாக அமைந்து வேலை முடிந்தபின், பழைய முகவரியில் புதிய இடத்தைக் காட்டும் ஒரு வழிகாட்டி விடப்படுகிறது. பழைய லிங்கைச் சொடுக்குபவர் புதிய இடத்துக்குப் போய்ச்சேர்வது அதன் துணையால்தான். பழைய டெனன்டையே மூடிவிட்டால் அந்த வழிகாட்டியும் உடன் மறைந்துபோகும்; மின்னஞ்சல்களிலும் ஒப்பந்தங்களின் பின்னிணைப்புகளிலும் ஆண்டுக்கணக்கில் ஒட்டப்பட்டிருந்த லிங்குகள் அத்தனையும் ஒரே நாளில் செத்துப்போகும்.

நான் மேலே குறிப்பிட்ட பொருத்தப் பட்டியலில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழர்களாகிய நாம் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுகிறோம். ஒரு நிறுவனம் அத்தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னால் போட்டு மின்னஞ்சல் முகவரி தருகிறது. இன்னொரு நிறுவனம் பின்னால் போடுகிறது. தலைமையகம் வடக்கிலோ வெளிநாட்டிலோ இருந்தால் தந்தையின் பெயரை விரித்துக் குடும்பப் பெயராக்கிவிடுகிறார்கள். ‘எஸ். குமார்’, ‘குமார் எஸ்’, ‘குமார் சுப்பிரமணியன்’ என்று மூன்று முகவரிகள் இருந்தால், அவை ஒருவருடையவையா மூவருடையவையா என்பதைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. பெயர்களை ஒப்பிட்டே பட்டியலைத் தயாரித்த ஓர் இணைப்பில், மனிதவளப் பிரிவு ஊழியர் ஒருவரின் ஃபோல்டர்கள் முழுவதும், அவரைப் போன்றே பெயர் கொண்ட உற்பத்திப் பிரிவு ஊழியரின் கணக்கில் போய் இறங்கின. ஊதிய உயர்வுப் பட்டியல், மருத்துவச் செலவுக் கோரிக்கைகள், ஒழுங்கு நடவடிக்கைக் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்த அந்த உற்பத்திப் பிரிவு ஊழியர், எதையும் படிக்காமல் உடனே தொலைபேசியில் தகவல் தந்தார். அவர் நல்லவராக இருந்ததால் விஷயம் அத்தோடு முடிந்தது. ஊழியர் எண்ணை வைத்துப் பொருத்தி, ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் புதிய முகவரி இதுதானா’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தால் அந்தத் தவறு நிகழ்ந்தே இருக்காது.

அடுத்தது லேப்டாப். பல நிறுவனங்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்கள் ஊழியர் அறியாமலேயே ஒன்டிரைவுடன் இணைக்கப்பட்டுள்ளன. திரையில் தெரியும் கோப்பு தம் கணினியிலேயே இருக்கிறது என்று அவர் நம்புகிறார். அந்தக் கோப்பின் அருகே நீலக் கோட்டில் சிறிய மேகக் குறி இருந்தால், அங்கே இருப்பது பெயர் மட்டுமே. உள்ளடக்கம் முழுவதும் பழைய நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. பச்சை ‘டிக்’ இருந்தால் மட்டுமே அது கணினியிலும் உள்ளது. இரு அம்புகள் வட்டமிடும் குறி இருந்தால், அவர் கடைசியாகச் செய்த திருத்தங்கள் இன்னும் மேலே போய்ச்சேரவில்லை என்று பொருள். மார்ச் இறுதியில் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், இணைய வேகம் குறைந்த கிளை அலுவலகத்தில் அந்த அம்புகள் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மையக் குழு மாற்றத்தைத் தொடங்கினால் பழைய சேமிப்பு படிக்க மட்டும் இயலும் நிலைக்குப் போய்விடும். மேலே ஏறாத திருத்தம் லேப்டாப்பிலேயே தங்கிவிடும். பிறகு புதிய கணக்குக்காக அந்த லேப்டாப்பை அழித்து மறுபடி அமைத்துத் தருவார்கள். அத்துடன் அந்தத் திருத்தமும் போயிற்று.

கணக்குப் பிரிவினருக்கு இன்னொரு பாடு. ஓர் எக்செல் கோப்பின் சூத்திரம் வேறு பத்துக் கோப்புகளிலிருந்து எண்களை எடுப்பது அங்கு வழக்கம். அந்தச் சூத்திரங்களுக்குள் பழைய நிறுவனத்தின் பெயர் தாங்கிய முழு முகவரி பதிந்திருக்கும். கோப்புகள் பத்திரமாகப் புதிய இடத்துக்கு வந்திருந்தாலும் சூத்திரம் பழைய முகவரியைத்தான் தேடிப் போகும். முகவரி கிடைக்காதபோது, கடைசியாகச் சேமித்த பழைய எண்ணையே அது காட்டிக்கொண்டிருப்பதுண்டு. அதைப் பார்ப்பவர் புதுக் கணக்கென்று நம்பி அறிக்கையில் சேர்த்துவிடுகிறார். தொலைந்த கோப்பையாவது தேடுவார்கள். தவறான எண்ணைக் காட்டும் கோப்பை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால், இதையே நான் அதிக ஆபத்தானதாகக் கருதுகிறேன்.

ஒரு நிறுவனம் கூகுள் டிரைவையும் மற்றது ஒன்டிரைவையும் பயன்படுத்தினால் வேலை இன்னும் கடினமாகிறது. கூகுள் ஆவணங்களை வேர்டு, எக்செல் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றும்போது முந்தைய பதிப்புகளும் ஓரக் குறிப்புகளும் பல நேரங்களில் விடுபடுகின்றன. ஓர் ஒப்பந்த வரைவில் எந்த வாசகத்தை யார், ஏன் மாற்றினார் என்பதற்கு அந்தக் குறிப்புகளே சான்று. கூகுள் டிரைவில் ‘ஜிஎஸ்டி 04/2023’ என்று சாய்கோடு போட்டுப் பெயரிட முடியும். ஒன்டிரைவ் அதை ஏற்காது. முழுப் பாதை 400 குறிகளுக்கு மிகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்யின் கால், கொம்புகளையும் கணினி தனித்தனியே எண்ணுவதால், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தமிழில் பெயரிட்டு வைப்பவர்கள் இந்த வரம்பை விரைவில் எட்டிவிடுகிறார்கள். தவறிய கோப்புகளின் பட்டியல் மென்பொருளின் அறிக்கையில் இருக்கத்தான் செய்யும். அந்த அறிக்கை திட்ட மேலாளரின் மேசையோடு நின்றுவிடுகிறது. கோப்புக்குரியவருக்கு அது போவதில்லை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை என்பதையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 239-ஆவது பிரிவு, இணைக்கப்பட்ட நிறுவனத்தின் ஏடுகளையும் ஆவணங்களையும் மத்திய அரசின் முன் அனுமதியின்றி அழிக்கக் கூடாது என்கிறது. ஏடுகளும் ஆவணங்களும் எவை என்பதை விளக்கும் 2(12) பிரிவு, மின்னணு வடிவில் உள்ளவற்றையும் சேர்த்தே சொல்கிறது. ரசீதுகள், பத்திரங்கள், கூட்டக் குறிப்புகள் ஆகியவை இன்று எந்த அலமாரியில் இருக்கின்றன? ஊழியர்களின் ஒன்டிரைவில்தான் பெருமளவு இருக்கின்றன. இயல்பான அமைப்பில், ஊழியரின் கணக்கு நீக்கப்பட்டால் அவருடைய ஒன்டிரைவ் 30 நாட்கள் மட்டுமே காக்கப்படும். அதன்பின் நிர்வாகி மீட்க விரும்பினால் மேலும் 93 நாட்கள். கூகுளில் நீக்கப்பட்ட கணக்கை மீட்க 20 நாட்கள்தான். உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பழைய கணக்குகளை ஒரே நாளில் நீக்கச் சொல்லும் அதிகாரி, இந்தப் பிரிவை மீறக்கூடும் என்பதை அறிந்து அதைச் செய்வதில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை.

படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நீதிமன்றமோ தீர்ப்பாயமோ ஒப்புதல் அளித்த இணைப்புக்குத் தேவையான தரவுக் கையாளலுக்கு, தரவுக்குரியவரின் ஒப்புதலைப் பெறுதல் உள்ளிட்ட பல கடமைகளிலிருந்து விலக்கு தருகிறது. சில நிறுவனங்களின் சட்டப் பிரிவினர் இதைக் காட்டி, ஊழியரிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை என்கின்றனர். ஆனால் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யவேண்டும் என்ற 8(5) பிரிவிலிருந்து அச்சட்டம் விலக்கு தரவில்லை. ஒருவரின் ஃபோல்டர் இன்னொருவர் கணக்கில் இறங்குவது அப்பிரிவின் எல்லைக்குள் வரும் தவறுதான்.

இதில் ஊழியரின் சொந்தக் கோப்புகளையும் மறக்கலாகாது. படிவம் 16, வருங்கால வைப்பு நிதி விவரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை அலுவலகக் கணக்கில் வைத்திருப்பது விதிப்படி சரியில்லைதான். ஆயினும் அப்படி வைத்திராத அலுவலகம் எதையும் நான் பார்த்ததில்லை. இணைப்பின்போது வேலையிழப்பவர்கள் இதில் மிகுந்த பாதிப்புக்கு ஆளாகின்றனர். கடைசி நாள் மாலையிலேயே லாகின் நிறுத்தப்பட்டுவிடுவதால், பத்தாண்டு ஊதிய விவரத்தையும் எடுக்க வழியின்றி, முன்னாள் சக ஊழியர்களிடம் கெஞ்சும் நிலை அவர்களுக்கு ஏற்படுகிறது. இது நியாயமன்று.

தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்படும் இணைப்புத் திட்டங்களில், ஊழியர்களின் பணித்தொடர்ச்சி பற்றிய பத்தி வழக்கமாக இடம்பெறுகிறது. அதற்கு அடுத்தபடியாக அவர்களின் கோப்புகள் பற்றியும் ஒரு பத்தி எழுதப்பட வேண்டும். மாற்றம் நடக்கும் தேதியைக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக ஊழியருக்கு அறிவிக்க வேண்டும். மாறிய கோப்புகளையும் தவறியவற்றையும் அவரிடமே பட்டியலாகத் தந்து, சரிபார்த்துவிட்டதாக அவர் கையொப்பமிட்ட பிறகே பழைய கணக்கில் கைவைக்க வேண்டும். பணியிலிருந்து விலகுவோருக்குச் சொந்த ஆவணங்களை எடுத்துக்கொள்ளக் கால அவகாசம் தரவேண்டும். பழைய டெனன்டை அடுத்த நிதியாண்டின் தணிக்கை முடியும் வரையிலேனும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். இதற்காகும் உரிமக் கட்டணம், இணைப்புக்கென ஆலோசகர்களுக்குத் தரப்படும் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. திட்டங்களை வரையும் வழக்கறிஞர்களும் நிறுவனச் செயலாளர்களும், அவற்றைப் பரிசீலித்துத் தீர்ப்பாயத்துக்குக் கருத்துரைக்கும் மத்திய நிறுவன விவகாரத் துறையும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுமெனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினிக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை.