காய் எடுக்கிற கைக்கு ஒரு வாளி தண்ணீர்: ஏலத்தோட்ட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்து இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகா ஏலக்காய்த் தோட்ட உரிமையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் சொல்லித் தருகிற டீச்சர் நான். காய் விலை, கூலி எதைப் பற்றியும் இந்த மடல் இல்லை. வயிற்றுப்பூச்சியைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெஞ்சில் ஐந்து நிமிடம் ஒழுங்காக உட்கார மாட்டான். நெளிவான், எழுந்து நிற்பான், பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், பதினொரு மணிக்கெல்லாம் தலை சாய்த்துத் தூங்கிவிடுவான். திட்டினேன். ஒருநாள் வெளியிலும் நிற்க வைத்தேன். அப்புறம் சந்தையில் அவன் அம்மாவைப் பார்த்தபோது, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ராத்திரி பூரா பின்னாடி அரிக்குதுன்னு அழுகுறான் டீச்சர், தூங்குறதே இல்ல."

கீரிப்பூச்சி. பெண் பூச்சி ராத்திரியில்தான் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். சொறிந்த நகத்தில் முட்டை ஒட்டும், அங்கிருந்து வாய்க்கு, பாய்க்கு, தங்கச்சிக்கு. அதனால்தான் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை போட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு நான் 'சேட்டைக்காரன்' என்று பேர் வைத்திருந்தேன். (சீனி தின்றால் பூச்சி வரும் என்று அவன் பாட்டி மிட்டாயை நிறுத்தி வைத்திருந்தார். சீனியில் பூச்சி வராது. அந்தப் பாவத்துக்கு நான் பொறுப்பில்லை.)

அடுத்து, இன்னொரு பிள்ளையின் அம்மா. தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே வருகிறவர். ஜீப்பில் பச்சரிசியை மென்றுகொண்டே வருவார். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், வயிறு மந்தமாக இருக்கும், ஒரு வாய் சோறு இறங்காது. எதற்கெடுத்தாலும் அழுகை, இல்லாவிட்டால் பிள்ளைகள் மேல் எரிச்சல். வீட்டில் காத்து கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கடைசியில் கீழே ஒரு அரசு ஆஸ்பத்திரியில் ரத்தமும் மலமும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7, ரொம்பக் குறைவு. மலத்தில் கொக்கிப்புழு முட்டை. அல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரையும் சில மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டார். முதலில் நின்றது, ரத்தக்குறைவால் வந்த அந்தப் பச்சரிசி மெல்லுகிற பழக்கம். அழுகை அதற்குப் பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக.

கொக்கிப்புழு வாய் வழியாக வருவதைவிடப் பாதம் வழியாக வருவதுதான் அதிகம். வெளியில் ஒதுங்கிய மலத்திலிருந்து முட்டை மண்ணில் பொரியும். அந்தக் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, நுரையீரல் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் பல் பதித்துத் தொங்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சொற்பம்தான். நூறு இருநூறு இருந்தால் மாதக்கணக்கில் ஒழுகுகிற குழாய்தான். அதற்குப் பிடித்த மண் எது தெரியுமா? நிழல், ஈரம், மட்கிய இலை. உங்கள் ஏலத்தோட்டத்தை நீங்கள் எப்படிப் பேணுகிறீர்களோ, அதுவேதான். காயும் உயரத்தில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், மண்ணோடு கிடக்கிற சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து மண்ணில் அளைந்த கையோடுதான் மதியம் தூக்குச்சட்டியைத் திறக்கிறார்கள். மண்ணிலிருந்து வாய்க்குப் போகிற நாக்குப்பூச்சி (உருண்டைப்புழு) முட்டைக்கு அந்தக் கை போதும். ஒரு பெண் நாக்குப்பூச்சி நாளுக்கு இரண்டு லட்சம் முட்டை போடும்.

வயிற்றுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரத்தம் குறைந்தால் சோர்வு, கவனம் சிதறல், சிடுசிடுப்பு. தூக்கம் கெட்டால் அதேதான். மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்கிற ரசாயனத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது, குடலிலிருந்து மூளைக்கு நேராக நரம்பும் ஓடுகிறது. அதற்காக மனச்சோர்வு எல்லாம் பூச்சியால் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி மருந்து விற்கிறவர்களை நம்பவும் வேண்டாம். மனசு நொந்தவருக்கு மனநல மருத்துவர்தான் வேண்டும். ஆனால் காத்து கருப்பு என்று கயிறு கட்டுமுன், சோம்பேறி என்று திட்டுமுன், ஒரு தடவை மலம் பாருங்கள் என்கிறேன்.

சர்க்கார் மாத்திரை தருகிறதே என்பீர்கள். தருகிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது, 1 முதல் 19 வயது வரை. மலையாளத்தில் 'விரகுளிக' (பூச்சி மாத்திரை) என்று எங்கள் பிள்ளைகளும் கை நீட்டி வாங்கிக் கடித்துத் தின்கிறார்கள். மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். பச்சரிசி மென்ற அந்த அம்மாவுக்கு 38 வயது. இரண்டு மாநிலக் கணக்கிலும் அவர் இல்லை. தவிர, ஊரோடு மாத்திரை கொடுப்பதால் மட்டும் பிள்ளைகளின் படிப்பு சராசரியில் உயர்ந்துவிடவில்லை என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பே சொல்கிறது. மாத்திரை குடலைச் சுத்தம் செய்யும், மண்ணைச் செய்யாது. ஓடைத் தண்ணீரில் வருகிற ஜியார்டியா என்கிற நுண்ணிய ஒட்டுண்ணிக்கோ அந்த ஒற்றை மாத்திரை பத்தாது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 2025இல் புதிய சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்றது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 ஆளும் இருந்தால்தான் அந்தச் சட்டம் வந்தது. உங்களில் பலர் அதற்குக் கீழே. சரி, சட்டத்தை விடுங்கள். காய் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கழிப்பறை போடுங்கள், இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளலாம். மருந்தடிக்கிற ஆண்களுக்கு வாங்கித் தருகிற பூட்ஸைக் களையெடுக்கிற பெண்களுக்கும் வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு வாளி தண்ணீர், ஒரு சோப்பு. வருஷத்துக்கு ஒருநாள் சுகாதார நிலையத்து ஆட்களைத் தோட்டத்துக்கே கூப்பிட்டு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அரைநாள் கூலியைப் பிடிக்காமல். அடுத்த சுற்றுக் காய் எடுப்புக்கு முன் வாளியும் சோப்பும் வந்தால்கூடப் போதும், மீதியைப் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பையன் இப்போது நான்காம் வகுப்பு. ராத்திரி நன்றாகத் தூங்குகிறானாம். பக்கத்துப் பையனை இன்னும் கிள்ளுகிறான். அது பூச்சி இல்லை, அவன் குணம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர்